பூஜ்ஜியம் கிலோமீட்டர், நாலரை வயது

தயாரிப்பு நின்றுபோன ஒரு பைக் மாடல் மேல் எனக்குப் பல வருட ஆசை. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், செல்ஃப் ஸ்டார்ட்டோடு கிக்கரும் உண்டு. வாங்கும் வசதி வந்தபோது ஷோரூம்களில் அது இல்லை. பழைய வண்டியாகத் தேடினேன். கைக்குக் கிடைத்ததெல்லாம் சைலன்சர் மாற்றியது, வயரிங் வெட்டி ஒட்டியது, விழுந்து எழுந்து பெயிண்ட் அடித்தது என்றே இருந்தன. அந்தச் சமயத்தில் ஒரு ஷோரூம் விற்பனையாளர் சொன்னார்: "குடோன்ல ஒண்ணு நிக்குது சார். விக்காம தங்கிப்போனது. இன்னும் பதிவுகூட ஆகல."

மறுநாளே போய்விட்டேன். தார்ப்பாயை இழுத்ததும் தூசி பறந்தது. உள்ளே சீட்டின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், கம்பெனி ஸ்டிக்கர்கள் ஒட்டியபடியே வண்டி நின்றது. ஓடோமீட்டரில் 3 கிலோமீட்டர். தொழிற்சாலைச் சோதனையிலும் லாரியில் ஏற்றி இறக்கியதிலும் ஓடியது அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் வண்டிகளைப் பல வருடமாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் கூட வந்திருந்தார். அவர் வராமல் போயிருந்தால் அன்று அரை மணி நேரத்துக்குள் அந்த இன்ஜினைப் பாழாக்க நானே சம்மதித்திருப்பேன்.

நடந்தது இதுதான். விற்பனையாளர் வேறொரு வண்டியின் பேட்டரியையும் ஜம்பர் வயரையும் ஒரு பாட்டில் பெட்ரோலையும் கொண்டுவந்தார். "ஒரு செல்ஃப் அடிச்சுக் காட்டுறேன் சார், சவுண்டைக் கேளுங்க." எனக்கும் கேட்க ஆசைதான். அண்ணன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "இப்ப வேணாம் தம்பி. இது வருஷக்கணக்கா நின்ன இன்ஜின். சிலிண்டர் சுவத்துல ஒரு சொட்டு ஆயில் இருக்காது."

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அது வழிந்து அடிக்குப் போய்விடும். பகல் இரவு வெப்ப மாற்றத்தில் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துப் படியும். வால்வு ஒன்று திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் அந்த வழியாகவும் ஈரக்காற்று போய்வரும். பிஸ்டன் ரிங்குகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் துருக்கோடு விழ இது போதும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் காய்ந்த ரிங் துருவைச் சுரண்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடும். சத்தம் நன்றாகத்தான் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் அந்த முதல் செல்ஃப் என்ன செய்தது என்று தெரியவரும்.

ஆகவே கிடங்கில் நின்ற வண்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஸ்டார்ட் செய்து காட்டும்படி கேட்காதீர்கள், அவர்களாகக் காட்ட வந்தாலும் தடுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே யாரோ அடித்துப் பார்த்திருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல செய்தி இல்லை. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்தினால் அந்த ஈரம் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும்.

சாவியைத் தொடாமலேயே வண்டியின் வயதை வாசிக்க முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். என் வண்டியின் பின் டயரில் 3212. 2012ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் முற்பகுதி. முன் டயர் அதற்கு மூன்று வாரம் முந்தியது. டயர் தயாராகிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வண்டியில் ஏறுவது வழக்கம் என்பதால் வண்டியின் பிறந்த தேதியும் ஏறக்குறைய பிடிபட்டது. 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து பல தயாரிப்பாளர்களிடம் மாடல் ஆண்டைச் சொல்லும்: சி என்றால் 2012, டி என்றால் 2013, இ என்றால் 2014. ஐ, ஓ, க்யூ என்ற எழுத்துகள் இந்த எண்ணில் வரவே வராது, ஒன்று, பூஜ்ஜியத்தோடு குழம்பும் என்பதற்காக. நான் பார்க்கப் போனது 2017 தொடக்கத்தில். "ரெண்டு வருஷ ஸ்டாக் சார்" என்றார் விற்பனையாளர். டயர் நாலரை வருடம் என்றது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவர் அந்த ஷோரூமில் சேர்ந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பேரத்தில் அந்த நான்கு இலக்கம் எனக்காகப் பேசியது.

அடுத்து அண்ணன் செய்தது நான் எதிர்பாராதது. வண்டியில் என்னென்ன இல்லை என்று தேட ஆரம்பித்தார். விற்காமல் நிற்கும் வண்டி பல இடங்களில் உதிரிபாகக் கிடங்காக மாறிவிடுகிறது. அவசரமாக வேறொரு வாடிக்கையாளருக்கு ஒரு ரிலே வேண்டும், ஒரு இண்டிகேட்டர் வேண்டும் என்றால், தார்ப்பாய்க்கு அடியில் நிற்பதிலிருந்து கழற்றிக்கொள்வார்கள். புதியது வந்ததும் மாட்டிவிடலாம் என்று நினைப்பார்கள், மறந்துபோகும். எங்கள் வண்டியில் டூல் கிட் இல்லை, வலது கண்ணாடி வேறு மாடலுடையது, பேட்டரியின் மேல் இருந்த தேதி வண்டியைவிட ஒரு வருடம் பழையது. எங்கேயோ நல்லதை எடுத்துக்கொண்டு செத்ததை இதில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது சாவியும் இல்லை. இதை அன்று நான் கவனிக்கவே இல்லை. பிறகு பல நாள் அலைந்து பூட்டு செட்டையே மாற்ற வேண்டிவந்தது. இரண்டு சாவியையும் கையில் வாங்கி, டேங்க் மூடி, சீட், இக்னிஷன் மூன்றிலும் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

டேங்க் மூடியைத் திறந்தபோது வந்தது பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல ஒரு நெடி. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் இன்ஜின் சுலபமாகப் பற்றிக்கொள்ள உதவுவது. அது முதலில் பறந்துவிடும். மிஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மேல் இழுத்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். தங்கிய இடத்தில் தகரம் துருப்பிடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் பெட்ரோல் நின்ற மட்டத்தை ஒட்டி ஒரு மெல்லிய பழுப்புக் கோடு, மேற்புறம் சுத்தம். "இது கழுவினா போயிடும். செதில் செதிலா உரிஞ்சிருந்தா புது டேங்க் கேட்டிருப்பேன்" என்றார் அண்ணன்.

பிறகு கைக்கு எட்டியதையெல்லாம் பார்த்தோம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பத்துத் தடவை அமுக்கி, பளபளக்கும் குழாயில் எண்ணெய் வளையம் விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. அது பின்னால் ஏமாற்றியது, அதற்கு வருகிறேன். முன் பிரேக்கை அமுக்கி விட்டதும் சக்கரம் சுற்ற மறுத்தது. பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் ஒட்டியிருந்தது. செயினில் நான்கைந்து கண்ணிகள் விறைத்து நின்றன. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பஞ்சைத் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அந்த மாவு நேராக கார்புரேட்டருக்குள் போயிருக்கும். வயரிங்கில் எலி கடித்த தடம் இல்லை. இருந்திருந்தால் வேண்டாம் என்றே திரும்பியிருப்போம். மறைந்திருக்கும் வயரிங் கோளாறைப்போல மனிதனை அலைக்கழிப்பது வேறில்லை என்பது அண்ணனின் அனுபவம்.

பேரம் எப்படிப் பேசினோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஷோரூம் ஒரு தள்ளுபடியை முதலிலேயே அறிவித்திருந்தது. கேட்க நன்றாக இருந்தது. நாங்கள் ஒரு தாளில் எழுதினோம்: டயர் இரண்டு, ட்யூப் இரண்டு, பேட்டரி, செயின் செட், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், காலிப்பர் ரப்பர்கள், ஃபோர்க் சீல், பெட்ரோல் ட்யூப், ஆயில் இரண்டு முறை, கார்புரேட்டர் கேஸ்கெட், இரண்டு நாள் கூலி. கூட்டிப் பார்த்தால் அவர்கள் தருவதாகச் சொன்ன தள்ளுபடியில் முக்கால்வாசியை இந்தப் பட்டியலே விழுங்கியது. எழுப்பும் செலவு ஒன்று, வயதுக்காகக் குறைய வேண்டிய விலை வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார், நான் பதிவு செய்த ஆண்டை அல்ல. தாளை மேலாளர் முன் வைத்தோம். பேட்டரி, செயின், ஏர் ஃபில்டர், கண்ணாடி, டூல் கிட் ஆகியவற்றை அவர்களே மாற்றித் தர ஒப்புக்கொண்டார், விலையும் இறங்கியது. டயருக்கு மட்டும் மறுத்தார். "நூல்கூடத் தேயல சார், முழு பட்டன் இருக்கு பாருங்க." பட்டன் என்று அவர் சொன்னது டயர் மேலுள்ள ரப்பர் மொட்டுகளை. நான் தலையாட்டிவிட்டேன். இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறேன்.

காகிதங்களில் இரண்டைப் பார்த்தேன், ஒன்றைக் கோட்டை விட்டேன். வண்டி முன்பே யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தது முதலாவது. விற்பனை எண்ணிக்கை காட்டுவதற்காக ஷோரூம் தன் பெயரிலேயே பதிந்து வைப்பது உண்டு, அப்படியானால் வாரண்டி அன்றே ஓட ஆரம்பித்திருக்கும், நாம் இரண்டாவது உரிமையாளர் ஆகிவிடுவோம். இரண்டாவது, புகை விதி மாறியிருந்தால் இந்த வண்டியை இன்று புதிதாகப் பதிவு செய்ய முடியுமா என்பது. முன்பணம் கொடுக்கும் முன்பே பதிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும், ஷோரூமின் வாய்மொழி போதாது. கோட்டை விட்டது வாரண்டியின் உள்ளடக்கம். விற்ற நாளிலிருந்து வாரண்டி என்று எழுதி வாங்கினேன். நீண்ட நாள் நின்றதால் கெட்டுப்போகும் ரப்பர் பாகங்கள் அதில் சேருமா என்று எழுதி வாங்கவில்லை.

வண்டியை ஓட்டிவரவில்லை, சின்ன லோடு வண்டியில் ஏற்றி அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். ஷோரூமில் பெட்ரோல் ஊற்றி அனுப்பவும் விடவில்லை.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஒரு சிறு கரண்டி அளவு, ஐந்து மில்லி இருக்கும், இன்ஜின் ஆயில் விட்டார். துணியால் மூடி அன்று இரவு அப்படியே விட்டோம். மறுநாள் காலை வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினோம். சற்றுக் கனமாக, ஆனால் எங்கும் இடிக்காமல் திரும்பியது. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை வண்டி மேல் உயிரை வைத்திருப்பவர்களிடம் சொல்லத் தேவையில்லை. அங்கேயே இடித்திருந்தால், பலம் கொடுத்துத் திருப்பாமல் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியிருக்க வேண்டும்.

பழைய ஆயிலை வடித்தோம். ஓடாத ஆயில்தானே, அப்படியே இருக்கட்டும் என்று நானாக இருந்தால் விட்டிருப்பேன். வடிந்த ஆயிலில் பால் கலந்ததுபோல மங்கலான இழைகள் தெரிந்தன, ஈரம். புது ஆயில், புது ஃபில்டர். பிறகு ப்ளக் இல்லாமலேயே கிக்கரை முப்பது நாற்பது தடவை மிதித்தோம். ப்ளக் இல்லாததால் அழுத்தம் இருக்காது, பாகங்கள் மேல் சுமை விழாமல் ஆயில் பம்ப் மேலே வரை எண்ணெயைக் கொண்டுசேர்க்கும். செல்ஃபில் இதைச் செய்தால் இக்னிஷன் இயக்கத்தில் இருக்கும், ஆகவே ப்ளக்கை அதன் கேப்பில் மாட்டி இன்ஜின் உலோகத்தைத் தொடும்படி, துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போக வழியில்லாமல், ப்ளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (சுருள்) கெடலாம்.

கார்புரேட்டரைப் பிரித்தபோது அடிக்கிண்ணத்தில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் படிந்திருந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓட உதவும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அது முழுக்க அடைந்திருந்தது. ஊசியாலோ கம்பியாலோ குத்தக் கூடாது. ஜெட் பித்தளை, துளை ஒரு நூலளவு பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். க்ளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தே எடுத்தார். மிதவை ஊசியின் ரப்பர் நுனி கல்லாகியிருந்ததால் அதையும் மாற்றினோம். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் இதே பிசின் டேங்குக்குள் இருக்கும் பம்பிலும் ஃபில்டரிலும் இன்ஜெக்டர் நுனியிலும் போய் உட்காரும்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 4 வகை என்றால், ஈரம் ஏறாதபோது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியதற்கான வரம்பு 155 டிகிரி. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து அது கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி லீவர் கைப்பிடி வரை அமுங்கும், வண்டி நிற்காது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் வண்டியில் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது அடர் பழுப்பில் வடிந்தது. காலிப்பரைப் பிரித்து, பிஸ்டனைச் சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களை மாற்றினோம்.

ஆறாவது மிதியில் பற்றிக்கொண்டது. ஊற்றிய ஆயில் எரிந்து இரண்டு மூன்று நிமிடம் வெண்புகை வந்து நின்றது. ஆக்சிலரேட்டரை முறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம். மேல் வால்வுப் பகுதியில் முதலில் இருந்த லேசான தட்டல் எண்ணெய் ஏறியதும் அடங்கியது. கிளட்ச் மட்டும் ஒட்டிக்கிடந்தது. லீவரை முழுக்கப் பிடித்தும் கியரில் போட்டால் சக்கரம் இழுத்தது. எண்ணெயில் மூழ்கிய தட்டுகள் பல வருடம் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நின்றால் இப்படி ஒட்டும். இன்ஜினை நிறுத்தி, லீவரைக் கயிற்றால் கட்டி ஒரு இரவு விட்டதும் பிரிந்தது. பட்டறை வாசலில் கியர் போட்டு வண்டி பாய்ந்து சுவரில் மோதும் விபத்து இந்த இடத்தில்தான் நடக்கும், முதல்முறை கியர் போடும்போது பின் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கட்டும்.

புது வண்டியை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்கும் ரன்னிங்-இன் முழுவதையும் கடைப்பிடித்தேன். சர்வீஸ் புத்தகம் சொன்ன முதல் ஆயில் மாற்றத்துக்குக் காத்திராமல் 100 கிலோமீட்டரிலேயே ஒருமுறை வடித்தோம், உள்ளே கழுவி வந்த ஈரமும் துருத்தூளும் வெளியே போகட்டும் என்று.

பிறகு டயர். மழை விட்டுச் சற்று நேரமே ஆன ஒரு மாலை, வளைவில் மெதுவாகத்தான் திரும்பினேன். பின் சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் பக்கவாட்டில் போனது. கால் ஊன்றித் தப்பினேன், விழவில்லை. வீட்டுக்கு வந்து பட்டன்மேல் நகத்தை அழுத்திப் பார்த்தேன், தடமே விழவில்லை. பட்டன் இருந்தது, பிடிப்பு இல்லை. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்கள் வருடங்களில் வெளியேறி டயர் இறுகிவிடுகிறது. தேய்மானத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது தெரியாது. அடுத்த வாரம் இரண்டையும் மாற்றினேன். புது டயரும் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும் என்பதால் அதுவரை வளைவுகளில் சாய்க்காமல் ஓட்டினேன். பேரத்தில் விட்டுக்கொடுக்க நினைத்தால் கண்ணாடியை விட்டுக்கொடுங்கள், டயரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

400 கிலோமீட்டரில் இடது ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிந்தது. காய்ந்திருந்த சீல் குடோனில் பத்து அமுக்கலைத் தாங்கியது, சாலையின் ஆயிரம் குலுக்கலைத் தாங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் ரப்பர் பாகங்களுக்கு வாரண்டி இல்லை என்று முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டுமென்றே காக்கவைத்தார்கள் என்றும் தோன்றியது. என் கையில் எழுத்து இல்லாததால் வாதாட ஒன்றும் இல்லை, இரண்டு சீலையும் என் செலவில் மாற்றினேன். அந்த வழியாகப் பெட்ரோல் ட்யூபையும் கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயையும் தேடி வாங்கி வைத்துக்கொண்டேன். தயாரிப்பு நின்ற மாடலுக்கு இவை கிடைக்கும்போதே எடுத்துவைப்பது நல்லது.

தினமும் வேலைக்குப் போக ஒரு வண்டி உடனே வேண்டும், பக்கத்தில் நம்பகமான மெக்கானிக் இல்லை என்பவர்களை இப்படி ஒரு வண்டி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நின்றது ஒரு வருடத்துக்குள் என்றால் பேட்டரி, பெட்ரோல், ஆயில், பிரேக் ஆயிலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மூன்று வருடம் தாண்டினால் ரப்பராக உள்ள எல்லாவற்றையும் மாற்றும் செலவோடு கணக்குப் போடுங்கள். திறந்தவெளியில் நின்றிருந்தால் எந்த விலைக்கும் நான் தொடமாட்டேன்.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கிலோமீட்டர், வலப்பக்கம் தேதி. போன மாதம் வலப்பக்கத்தைப் பார்த்து, நேரம் வந்துவிட்டது என்று பிரேக் ஆயிலை மறுபடி மாற்றினோம். குழாயில் வடிந்ததை அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வெளிர்மஞ்சள், சற்றே மங்கல். "வண்டி முழிச்சுக்கிச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.